இயக்குநரே திரும்பி வந்து கை வைத்தால்? டானி டார்க்கோ, இன் யூடெரோ, ரென் & ஸ்டிம்பி

#1 நள்ளிரவுக்காட்சி

ரொம்ப நாளா மனசுல இருக்கிற கருத்து. திட்டு விழும்னு தெரிஞ்சேதான் இழையைத் தொடங்குறேன்.

அட்டையில ‘டைரக்டர்ஸ் கட்’னு (இயக்குநர் தன் இஷ்டப்படி வெட்டி ஒட்டின பதிப்பு) போட்டிருந்தா அதுதான் அசல், தியேட்டர்ல வந்தது ஏதோ வெட்டிக் குதறினதுன்னு நாம பழகிட்டோம். எனக்குப் பிடிச்ச கல்ட் படம், கார்ட்டூன், ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பம் எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தா நேர்மாறாத்தான் படுது. காசு பத்தாம, தயாரிப்பாளர் ஒரு பக்கம் இழுக்க, சேனல்காரர் இன்னொரு பக்கம் கத்தரிக்கோலோட நிக்க, அந்த நெருக்கடியில வந்து விழுந்ததுதான் நல்லா இருக்கு. பேரும் புகழும் வந்தப்புறம் ‘நான் முதல்லயே நினைச்சது இதுதான்’னு கொண்டுவந்து நீட்டினது சப்புனு இருக்கு.

டானி டார்க்கோவை எடுத்துக்கங்க. ரிச்சர்ட் கெல்லிக்கு முதல் படம். சுமார் 45 லட்சம் டாலர் பட்ஜெட், 28 நாள் ஷூட்டிங். விமான எஞ்சின் ஒண்ணு வீட்டுக் கூரையைப் பிச்சுக்கிட்டு விழுறதுல கதை சூடுபிடிக்குது. படம் அமெரிக்காவில் வெளியானதோ 2001 அக்டோபர் கடைசியில, இரட்டைக் கோபுரம் விழுந்து ரெண்டு மாசம்கூட ஆகாத நேரம். யார் போவா? அங்க முதல் வெளியீட்டு வசூல் ஐந்து லட்சம் டாலர் அளவுதான். அப்புறம் நியூயார்க்ல நள்ளிரவுக் காட்சி, டிவிடி, இங்கிலாந்து ரசிகர்கள்னு மெல்ல உயிர் பிடிச்சது. 2003 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்துல முதலிடத்துல இருந்த பாட்டே இந்தப் படத்துல வந்த ‘மேட் வேர்ல்ட்’தான்.

அந்த ஆரம்பக் காட்சியை யோசிச்சுப் பாருங்க. விடியற்காலை. மலைச்சாலை நடுவுல ஒரு பையன் படுத்துக் கிடக்கான், பக்கத்துல சைக்கிள். எழுந்து சுத்திப் பார்த்துட்டுத் தனக்குத்தானே சிரிச்சுக்கிறான். சைக்கிள் சரிவுல இறங்கும்போது எக்கோ & தி பன்னிமென்னோட ‘தி கில்லிங் மூன்’. விதியைப் பத்தின பாட்டு, குளிர்ந்த கிட்டார். ஒரு வசனம் இல்லாமலே இந்தப் பையனுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு வயித்தைப் பிசையும். 2004ல வந்த டைரக்டர்ஸ் கட்ல அதே இடத்துல ஐஎன்எக்ஸ்எஸ் பாட்டு. கெட்ட பாட்டு இல்ல, ஆனா அந்தக் குளிர் போச்சு. அதோட விட்டாரா? இருபது நிமிஷம் கூடுதல். கதைக்குள்ள வர்ற காலப்பயணப் புத்தகத்தோட பக்கங்களைத் திரையில விரிச்சு, எது ஏன் நடக்குது, யாருக்கு என்ன வேலைன்னு விளக்கம். படத்துக்கு நடுவுல கோனார் உரையைச் சொருகிட்டார் மனுஷன்.

அடுத்து ரென் & ஸ்டிம்பி. 1991 ஆகஸ்ட் 11, நிக்கலோடியன் சேனல் ஒரே நாள்ல டக், ரக்ராட்ஸ், இதுன்னு மூணு கார்ட்டூனையும் இறக்கினாங்க. இதை உருவாக்கின ஜான் கிரிக்ஃபலூசி கெடுவுக்குள்ள எதையும் முடிக்கல, சேனல் போட்ட கோட்டுக்குள்ளயும் நிக்கல. 1992 செப்டம்பர்ல வெளியே அனுப்பிட்டாங்க. ‘மேன்ஸ் பெஸ்ட் ஃப்ரெண்ட்’னு ஒரு எபிசோடை ஒளிபரப்பவே மறுத்துட்டாங்க. 2003ல ஸ்பைக் டிவி அதே ஆளைக் கூப்பிட்டு, இது பெரியவங்களுக்கு, இஷ்டத்துக்குப் பண்ணுங்கன்னு கையைக் கட்டாம விட்டது. என்ன வந்துச்சு? மூணு எபிசோடோட நிறுத்தினாங்க. பழைய தொடர்ல திடீர்னு ஒரு க்ளோசப் வரும் பாருங்க, கண்ணுல நரம்பு, தோல்ல ஒவ்வொரு துளை, மூக்குல ஒவ்வொரு முடின்னு எண்ணெய்ச் சித்திரம் மாதிரி வரைஞ்சு ஒரு வினாடி காட்டிட்டு ஓடிடுவாங்க. குழந்தைங்க சேனல்ல அது வந்ததால்தான் அதுக்கு அந்த மின்சாரம். புதுசுல எல்லாத்தையும் விரிச்சு வச்சு மணிக்கணக்கா காட்டுறார். (2018ல அவர்மேல வந்த குற்றச்சாட்டுகளுக்கு அப்புறம் அந்தப் பேரை எழுதவே கூச்சமா இருக்கு. ஆனா அது இல்லாம இந்த வாதத்தைச் சொல்ல முடியல.)

இப்ப அடிங்க.

#2 கேசட்மூலை

உங்கள் கணக்கில் ‘பிரேசில்’ எங்கே வருகிறது ஐயா?

டெர்ரி கில்லியம் 1985இல் 142 நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தார். யுனிவர்சல் நிறுவனத்தின் தலைவர் சிட் ஷைன்பெர்க், இது இருட்டாக இருக்கிறது, முடிவு மகிழ்ச்சியாக வேண்டும் என்றார். அவர் ஆட்களை வைத்துச் செய்த 94 நிமிடப் பதிப்பில் காதல் வெல்கிறது, எல்லாரும் சுகமாக இருக்கிறார்கள். அதைப் பிற்பாடு தொலைக்காட்சியிலும் போட்டார்கள். பார்த்திருக்கிறீர்களா? அலுவலகக் கோப்புகளும் குழாய்களும் ஒரு மனிதனை எப்படி விழுங்குகின்றன என்பதுதான் படமே. அந்த முடிவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அலங்கார அரங்கம் மட்டும்.

கில்லியம் வெரைட்டி இதழில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். கறுப்புக் கரை கட்டிய வெற்றுப் பக்கம், நடுவில் ஷைன்பெர்க்கிடம் என் படத்தை எப்போது வெளியிடப் போகிறீர் என்று ஒரே கேள்வி. திருட்டுத்தனமாகப் படத்தைப் போட்டுக் காட்டினார். வெளியாகாத அந்தப் படத்துக்கே லாஸ் ஏஞ்சலிஸ் விமர்சகர் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்றையும் கொடுத்தது. அதன் பிறகுதான் அமெரிக்காவில் 132 நிமிடப் பதிப்பு வந்தது. நெருக்கடிதான் நல்ல கலையைத் தருகிறது என்று நீங்கள் சொன்னால், ஷைன்பெர்க்குக்குச் சிலை வைக்க வேண்டியதுதான்.

‘தி விக்கர் மேன்’ இன்னொன்று. 1973இல் ராபின் ஹார்டி எடுத்ததை வெட்டி 88 நிமிடமாக்கி, ‘டோன்ட் லுக் நவ்’ படத்தோடு இணைப்புப் படமாக ஓட்டினார்கள். வெட்டிய நெகடிவ் இங்கிலாந்தின் எம்3 நெடுஞ்சாலையின் அடியில் புதைந்து கிடக்கிறது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனிடம் பார்வைக்கு அனுப்பிய பிரதி ஒன்று இருந்ததால்தான் நீளமான பதிப்பை மறுபடி கட்ட முடிந்தது. இல்லையென்றால் சேதாரம்தான் நமக்கு ‘அசல்’ ஆகியிருக்கும்.

#3 வால்யூம்11

ப்ரோ, சினிமாக்காரங்க சண்டை போட்டுக்கங்க. நான் நிர்வானா பேண்டோட இன் யூடெரோ ஆல்பம் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா இதுல வில்லன் யாருன்னு இன்னைக்கு வரை முடிவாகல.

அவங்களோட முந்தின ஆல்பம் நெவர்மைண்ட் 1991ல வந்து உலகத்தையே புரட்டுச்சு. பாடகர் கர்ட் கோபேனுக்கு அதோட பளபளப்பு பிடிக்கல. பிக்ஸீஸோட சர்ஃபர் ரோசா, பிரீடர்ஸோட பாட், இந்த ரெண்டு ஆல்பம் சத்தமும் அவருக்கு உயிர். ரெண்டையும் பதிவு பண்ணினது ஸ்டீவ் ஆல்பினி. அவரையே பிடிச்சாங்க. ஆல்பினி நாலு பக்கக் கடுதாசி எழுதினார்: ராயல்டி வேண்டாம், குழாய் ரிப்பேர்காரருக்குக் கொடுக்கிற மாதிரி வேலைக்குக் கூலி கொடுங்க, போதும். ஒரு லட்சம் டாலர், ஒரே தடவை. அந்த ஆல்பம் வித்த கணக்குக்கு ராயல்டி வாங்கியிருந்தா மனுஷன் எங்கயோ போயிருப்பார். வேண்டாம்னார். அட்டையில ‘தயாரிப்பாளர்’னு பேர் போட்டுக்கவும் மாட்டேன்னார்.

1993 பிப்ரவரி, மின்னசோட்டாவில் பனிக்குள்ள பேக்கிடெர்ம் ஸ்டுடியோ. ‘சைமன் ரிச்சி புளூகிராஸ் என்செம்பிள்’னு கள்ளப் பேர்ல புக் பண்ணினாங்க. (சைமன் ரிச்சி யாருன்னா நம்ம சிட் விஷஸோட சொந்தப் பேர்.) ரெண்டு வாரத்துக்குள்ள பதிவு, மிக்ஸ் எல்லாம் ஓவர். ‘வெரி ஏப்’, ‘டூரெட்ஸ்’ ரெண்டுக்கும் டேவ் குரோலோட டிரம்ஸைத் தூக்கிட்டுப் போய் சமையலறையில வச்சு அடிக்க விட்டாங்க, அங்க எதிரொலி இயல்பாவே நல்லா இருக்குன்னு. ஹெட்போன்ல கேளுங்க, சுவர் எவ்வளவு தூரத்துல இருக்குன்னே தெரியும்.

அப்புறம்தான் கூத்து. கம்பெனிக்குப் பிடிக்கல. அதை மட்டும் சொல்லி முடிச்சுக்குவாங்க நம்ம ஆளுங்க. பேண்டுக்குமே பேஸும் குரலும் அமுங்கிக் கிடக்குன்னு உறுத்தல் இருந்துச்சு. ஆர்.இ.எம். ஆல்பங்கள் பண்ணின ஸ்காட் லிட் வந்து ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’, ‘ஆல் அப்பாலஜீஸ்’ ரெண்டை மட்டும் ரீமிக்ஸ் (பதிவான குரல், வாத்தியச் சத்தங்களைத் திரும்பக் கலக்கிறது) பண்ணினார். இப்ப சொல்லுங்க, ‘ஹார்ட் ஷேப்ட் பாக்ஸ்’ல பின்னாடி கர்ட் குரல் இன்னொரு அடுக்கா வந்து சேருதே, அது லிட் வந்தப்ப சேர்த்தது. அது இல்லாம அந்தப் பாட்டை உங்களால நினைச்சுப் பார்க்க முடியுமா? என்னால முடியல. மீதிப் பத்துப் பாட்டுல ஆல்பினி சத்தம் இல்லாம இருந்தாலும் முடியாது. அந்த ஆல்பமே ரெண்டு பேர் இழுத்த கயிறு.

இன்னொரு பதிப்பும் இருக்கு. 1994ல வால்மார்ட், கேமார்ட் கடைக்காக அட்டையை மாத்தி, ‘ரேப் மீ’ங்கிற தலைப்பை ‘வெயிஃப் மீ’ன்னு திருத்திப் போட்டது. துரோகம்னு குதிச்சாங்க. கர்ட் சொன்ன காரணம்: சின்ன ஊர்ல வளர்ந்த எனக்குப் பாட்டு வாங்க அந்த மாதிரி கடைதான் கதி. வேடிக்கை என்னன்னா, ‘பென்னிராயல் டீ’யோட லிட் மிக்ஸ் அந்தக் கடைப் பதிப்புலதான் இருக்கு.

#4 பனிமூட்டம்

ரொறன்ரோவில இருந்து எழுதுறன். நீங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வேற விசயத்தை ஒண்டாக்கிப் போட்டுக் கதைக்கிறியள்.

படம் முடிஞ்ச நேரமே இருந்த பதிப்பை மறிச்சு வைச்சிட்டு வேற ஒண்டை விடுறது ஒரு விசயம். பிரேசில் அதுதான், விக்கர் மேன் அதுதான். கன வருசம் கழிச்சு ஆள் திரும்பி வந்து, முதல் வந்ததை மாத்திறது இன்னொரு விசயம். டானி டார்க்கோ அதுதான். முதலாவதில எனக்கு வழக்கே இல்லை, படைப்பாளியின்ர பக்கம்தான். ரெண்டாவதுதான் சிக்கல். 2004இல வந்த கெல்லி, 28 நாளில ஓடி ஓடிப் படம் பிடிச்ச அந்தப் பெடியன் இல்லை. சனம் மூண்டு வருசமா இணையத்தில இருந்து விளக்கம் கேட்டுக் கேட்டு அவரை வேற ஆளாக்கிப் போட்டுது.

பிளேட் ரன்னர் ரெண்டுக்கும் நடுவில நிக்குது, அதாலதான் அதைப் பற்றிச் சண்டை முடியிறேல்லை. 1982 ஜூனில வந்தது, ஈ.டி. வந்து ரெண்டு கிழமையில. (அதே நாள் ஜோன் கார்பென்டரின்ர ‘தி திங்’கும் வந்து விழுந்தது. ஒரே வெள்ளிக்கிழமை, ரெண்டு கல்ட் படம், ரெண்டும் அடி.) முன்னோட்டக் காட்சியில சனத்துக்கு விளங்கேல்லை எண்டு ஹரிசன் ஃபோர்டைக் கொண்டு வாய்ஸ் ஓவர் பேச வைச்சவை. கடைசியில ரெண்டு பேரும் பச்சை மலைக்கு மேலால காரில போற மாதிரி ஒரு முடிவு. அந்த மலை எங்கயிருந்து வந்தது தெரியுமோ? குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்கு ஹெலிகொப்டரில எடுத்துப்போட்டுப் பாவிக்காமல் விட்ட துண்டு. எந்நேரமும் மழை பெய்யிற நகரத்தில இருந்து திடீரெண்டு வேற படத்தின்ர வெயிலுக்குள்ள போய் இறங்கினம்.

1990இல லொஸ் ஏஞ்சலசில பழைய வேர்க்பிரிண்ட் (முழுசா முடியாத வேலைப் பிரதி) ஒண்டைப் போட, சனம் வரிசை கட்டி நிண்டது. அதுக்குப் பிறகுதான் 1992 பதிப்பு, 2007இல ஃபைனல் கட். வாய்ஸ் ஓவர் போனது நல்ல காரியம். ஆனா அந்த யூனிகோன் (ஒற்றைக் கொம்புக் குதிரை) கனவு? அதைப் போட்டதோட கதாநாயகன் டெக்கர்ட் மனிசனோ இல்லையோ எண்ட கேள்விக்கு இயக்குநர் ரிட்லி ஸ்கொட் தானே விடை சொல்லிப் போட்டார். கேள்வியாவே விட்டிருக்கலாம். கடைசி மழைக்குள்ள ருட்கர் ஹவர் சொல்லுற அந்த வசனம், அவர் தானே எழுத்தை வெட்டிச் சுருக்கி, ‘மழைக்குள்ள கண்ணீர் மாதிரி’ எண்ட வரியைத் தானே சேர்த்தது. எல்லாப் பதிப்பிலயும் அது இருக்கு, ஒருத்தரும் கை வைக்கேல்லை. நல்ல காலம்.

#5 ஊமைக்கோட்டான்

லூகாஸ் திரும்பி வந்து கை வச்ச 1997 ஸ்டார் வார்ஸ் பேரை யாரும் எடுக்காம இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு கும்பிடு. அப்படியே போங்க, திரும்பிப் பார்க்காதீங்க.

#6 மூக்குக்கண்ணாடி

எல்லாரும் இயக்குநர், கம்பெனின்னு ரெண்டு பேரையே சுத்தி வர்றீங்க. மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கார்: பாட்டுக்கு உரிமை வச்சிருக்கிற வக்கீல்.

டேரியான்னு ஒரு கார்ட்டூன். எம்டிவி, 1997லருந்து 2002 வரை. பீவிஸ் & பட்ஹெட் கார்ட்டூன்ல ஓரமா நின்ன பொண்ணுக்குத் தனித் தொடர். உருண்டைக் கண்ணாடி, பச்சை ஜாக்கெட், ஏத்த இறக்கமே இல்லாத குரல். அந்தத் தொடர்ல காட்சிக்குக் காட்சி அந்தந்த வருஷத்து ஆல்டர்நேட்டிவ் பாட்டு ஓடும். சில இடத்துல பத்து வினாடிகூட இருக்காது. டேரியாவும் தோழி ஜேனும் பீட்சா கடையில உட்கார்ந்திருக்காங்க, வெளியே காரிடார்ல யாரோ போறாங்க, ஒரு கிட்டார் ரிஃப் வந்து அடுத்த காட்சிக்குத் தள்ளிவிட்டுட்டுப் போகும். எம்டிவி தன்னோட சேனல்ல போடும்போது அதுக்குப் பெரிய செலவு இல்ல. டிவிடி போடணும்னா ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியா உரிமை வாங்கணும். அதனாலயே வருஷக்கணக்கா டிவிடி வரல. 2010ல வந்தப்ப கிட்டத்தட்ட எல்லாப் பாட்டையும் எடுத்துட்டு ஏதோ பொதுவான பின்னணி இசையைப் போட்டிருந்தாங்க. உருவாக்கினவர்ல ஒருத்தரான கிளென் ஐக்லரே டிவிடியோட வச்ச குறிப்புல, இப்படிப் பண்ணலைன்னா இது வந்தே இருக்காதுன்னு ஒளிவுமறைவில்லாம எழுதியிருக்கார். ஸ்பிளெண்டோரா பேண்டோட தலைப்புப் பாட்டு தப்பிச்சது.

வசனத்துல ஒரு எழுத்து மாறல, படத்துல ஒரு கோடு மாறல. ஆனா அது வேற தொடர். பழசுல அந்தப் பொண்ணோட சலிப்புக்கு வெளியே ஒரு உலகம் இருந்துச்சு, அது அவளுக்குப் பிடிச்ச சத்தத்துல பாடிட்டிருந்துச்சு. புதுசுல சலிப்பு மட்டும் இருக்கு. இன்னைக்கு ஸ்ட்ரீமிங்ல பார்த்துட்டு ‘இதைப் போயி ஏன் கொண்டாடினீங்க’ன்னு கேக்கிற பிள்ளைங்ககிட்ட என்னத்தைச் சொல்ல? ரசிகர்கள் டிவியிலருந்து விஎச்எஸ்ல பிடிச்ச பாட்டை எடுத்து டிவிடி படத்தோட ஒட்டி அவங்களே ஒரு பதிப்பு பண்ணி வச்சிருக்காங்க. சட்டப்படி தப்பு. ஆனா அசல் எதுன்னு கேட்டா நான் அதைத்தான் காட்டுவேன்.

பீவிஸ் & பட்ஹெட்டுக்கும் இதே கதி. சோபாவுல உட்கார்ந்து பாட்டு வீடியோவைக் கிழிச்சுத் தொங்கவிடுறதுதான் பாதி நிகழ்ச்சி. டிவிடியில பெரும்பாலும் அதைத்தான் காணோம்.

#7 நள்ளிரவுக்காட்சி

@மூக்குக்கண்ணாடி இது என் இழையிலேயே சிறந்த பதிவு, வயித்தெரிச்சலா இருக்கு.

@பனிமூட்டம் அந்தப் பிரிவினையை வாங்கிக்கிறேன். என் சண்டை ரெண்டாவது வகையோடதான். அதுலயே ஒரு மென்மையான உதாரணம் சொல்றேன், அயர்ன் ஜயன்ட் அனிமேஷன் படம். பிராட் பேர்ட், 1999. வார்னர் விளம்பரமே சரியாப் பண்ணல. அமெரிக்க வசூல் 2.3 கோடி டாலர் சுமார், பட்ஜெட்ல பாதியைக்கூடத் தொடல. அப்புறம் கார்ட்டூன் நெட்வொர்க்ல நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஒரு தலைமுறையே அழுது தீர்த்தது. 2015ல ‘சிக்னேச்சர் எடிஷன்’. ரெண்டே காட்சிதான் கூடுதல், ரெண்டு நிமிஷம் இருக்கும். 1999ல ஸ்டோரிபோர்டோட நின்னதை இப்ப வரைஞ்சு சேர்த்தாங்க. ஒண்ணு, அந்த ரோபோ தூங்கும்போது காண்ற கனவு: தன்னை மாதிரியே ஆயிரம் ரோபோ ஒரு கிரகத்தை அழிக்குது.

அழகா இருக்கு. ஒத்துக்கிறேன். ஆனா முதல் பதிப்புல அது எங்கிருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது, அதுக்கே தெரியாது. தான் ஒரு ஆயுதம்னு அது கண்டுபிடிக்கிற நேரம்தான் நாமளும் கண்டுபிடிக்கிறோம். கனவு வந்தப்புறம் நமக்கு அதைவிட முன்னாடியே தெரிஞ்சுபோகுது.

அதே மாதிரி எதிர்ப்பக்கமும் நடக்கும், படைப்பாளியே தன் வேலையை வெறுக்கிறது. வீசர் பேண்டோட பிங்கர்டன் ஆல்பம், 1996. முதல் ஆல்பம் பிச்சுக்கிட்டுப் போனப்புறம் பாடகர் ரிவர்ஸ் குவோமோ ஹார்வர்டுக்குப் படிக்கப் போறார், காலுக்கு அறுவைசிகிச்சை பண்ணிக்கிட்டுத் தனியாக் கிடக்கார், அப்ப எழுதின பாட்டுங்க. வெளித் தயாரிப்பாளர் கிடையாது. கிட்டார் கீறுது, குரல் உடையுது, எழுதியிருக்கிற சில வரிகள் படிக்கவே அசிங்கமா இருக்கும். ரோலிங் ஸ்டோன் வாசகர்கள் அந்த வருஷத்தோட மோசமான ஆல்பங்கள்ல ஒண்ணா ஓட்டுப் போட்டாங்க. குவோமோவும் 2001ல அதைக் கேவலம்னே பேட்டி கொடுத்தார். அதே சமயத்துல ஒரு கூட்டமே அதைக் கேட்டுத்தான் கிட்டாரைத் தூக்கிக்கிட்டு இருந்துச்சு. 2010ல மேடையில முழு ஆல்பத்தையும் வாசிக்கிறார். நல்லவேளை, நடுவுல ஒரு தடவை உட்கார்ந்து ‘சரி பண்றேன்’னு கிளம்பல.

#8 வால்யூம்11

‘சரி பண்றேன்’னு கிளம்பினவர் கதை வேணுமா? இக்கி பாப். அவர் பாடின தி ஸ்டூஜஸ் பேண்டோட ரா பவர் ஆல்பம், 1973. டேவிட் போவி மிக்ஸ் பண்ணினது, டிரம்ஸும் பேஸும் எங்கயோ பக்கத்து வீட்டுல கேக்கிற மாதிரி. எல்லாரும் போவியைத் திட்டினாங்க. 1997ல இக்கியே உட்கார்ந்து ரீமிக்ஸ் பண்ணினார், மீட்டர் முள்ளு சிவப்பை விட்டு இறங்கவே இல்ல. ராக் சிடியிலேயே இவ்வளவு சத்தமானது உண்டான்னு சந்தேகம். முதல் பாட்டு கேட்கும்போது ஆஹா, நாலாவதுல காது இரையுது. 2010ல கம்பெனியே போவி மிக்ஸைத் திரும்ப வெளியிட்டுச்சு.

அதுக்காக நள்ளிரவுக்காட்சி கட்சியில சேர்ந்துட்டேன்னு நினைக்காதீங்க. ரீப்ளேஸ்மென்ட்ஸ் பேண்டோட டிம், 1985. ‘லெஃப்ட் ஆஃப் தி டயல்’ இருக்கிற ஆல்பம். கல்லூரி ரேடியோவைப் பத்தின பாட்டு, இந்த இசை வகைக்கே பிறப்புச் சான்றிதழ் மாதிரி. தயாரிப்பு டாமி எர்டெல்யி, ராமோன்ஸ்ல டிரம்ஸ் அடிச்ச டாமிதான். பாட்டுங்க தங்கம், சத்தம் தகரம். கிறிஸ் மார்ஸோட டிரம்ஸ் தண்ணிக்கு அடியிலருந்து வர்ற மாதிரி இருக்கும். 2023ல எட் ஸ்டேசியம் ஒரிஜினல் டேப்பை எடுத்து ரீமிக்ஸ் பண்ணினார். 38 வருஷம் கழிச்சு, வெளியாள் ஒருத்தர், பேண்டே உடைஞ்சு போனப்புறம்! நான் வேணும்னே குறை கண்டுபிடிக்கிற மனசோட கேட்டேன். ‘பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்’ ஆரம்பத்துல அந்தக் கத்தல் வந்ததும் முடிஞ்சுபோச்சு. பாப் ஸ்டின்சனோட கிட்டார் எங்க இருக்குன்னு இப்பத்தான் தெரியுது. அவர் 1995லயே போயிட்டார், கேட்கக் கொடுத்து வைக்கல. பழைய மிக்ஸை நான் இனிமே போடப்போறது இல்ல. பனிமூட்டம் அக்கா கணக்குப்படி இது தப்பான வகை. ஆனா காது ஒத்துக்குதே, என்ன செய்ய?

#9 பச்சைவௌவால்

கார்ட்டூன் பக்கம் ஆளே வரலீங்க, அதனால நான் வர்றனுங்க.

பேட்மேன் அனிமேட்டட் சீரிஸ், 1992. புரூஸ் டிம்மும் எரிக் ரடோம்ஸ்கியும். பின்னணியெல்லாம் கறுப்புக் காகிதத்துல வரைஞ்சது, வெள்ளைக் காகிதத்துல இருட்டைப் பூசல, இருட்டுல வெளிச்சத்தைப் பூசுனாங்க. சாயங்காலம் பசங்க பார்க்கிற நேரத்துல வர்றதால சேனல்ல ஏகப்பட்ட தடை: ரத்தம் கூடாது, சாவைக் காட்டக் கூடாதுன்னு. இப்ப ‘ராபின்ஸ் ரெக்கனிங்’ எபிசோட் பாருங்க. சர்க்கஸ்ல ராபினோட அப்பா அம்மா ஊஞ்சல்ல இருந்து விழுந்து சாகணும். காட்டக் கூடாது. என்ன பண்ணுனாங்க? ஊஞ்சல் ஆடிக்கிட்டே திரையை விட்டு வெளிய போகுது. திரும்பி வரும்போது அறுந்த கயிறு மட்டும் வருது. அவ்வளவுதானுங்க. ரத்தம் காட்டியிருந்தா எனக்கு இன்னைக்கு ஞாபகமே இருந்திருக்காது. அந்த எபிசோடுக்கு எம்மி விருது கிடைச்சுது.

இதே புரூஸ் டிம் 2016ல ‘கில்லிங் ஜோக்’ படத்துக்குத் தயாரிப்பாளர். ஆர் சர்ட்டிபிகேட், தடையே இல்ல. கதைக்கு முன்னாடி அரை மணி நேரம் பேட்கேர்ள் கதைன்னு ஒண்ணைச் சேர்த்தாங்க. அதைப் பத்திப் பேசாம இருக்கிறதுதான் நல்லதுங்க.

ஆனா நள்ளிரவுக்காட்சி அண்ணனுக்கு ஒரு கேள்வி. சாமுராய் ஜாக் கார்ட்டூன்? அதை உருவாக்குன டார்டகோவ்ஸ்கி 2001ல தொடங்குனப்ப ஜாக் ரோபோவை மட்டும்தான் வெட்டலாம். வெட்டுனா எண்ணெய்தான் பீச்சும். நாலு சீசன் அப்படியே போச்சு, முடிவு இல்லாம நின்னுபோச்சு. 2017ல பெரியவங்களுக்கான அடல்ட் ஸ்விம்ல திரும்பி வந்து பத்து எபிசோட். இப்ப தடை இல்ல. அதுல ஜாக் ஒருத்தியை ரோபோன்னு நினைச்சு வெட்டுறான், சிவப்பா வருது. அவன் முகத்தைப் பாருங்க. பழைய தடையையே எடுத்து இவனோட பாவமா மாத்திட்டாங்க. வருஷக்கணக்கா எண்ணெயைப் பார்த்துப் பழகுன நமக்கும் திக்குனு இருக்கு. சுதந்திரம் கிடைச்சா கெட்டுப்போகும்னு சொன்னீங்களே, இது கெட்டுப்போச்சுங்களா?

(வில்லன் ஆகூவுக்குக் குரல் கொடுத்த மாகோ 2006லயே இறந்துட்டாரு. அது மட்டும் குறை. கிரெக் பால்ட்வின் நல்லாத்தான் பண்ணியிருக்காரு, இருந்தாலும்.)

#10 நள்ளிரவுக்காட்சி

@பச்சைவௌவால் இல்ல, கெட்டுப்போகல. அந்தச் சிவப்பு வர்ற காட்சி பிரமாதம். ஆனா ஒண்ணு கவனிங்க, டார்டகோவ்ஸ்கி பழைய நாலு சீசனைத் தொடவே இல்ல. போய் எண்ணெயைச் சிவப்பாக்கல. அடுத்த பாகம் எடுத்தார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். புதுசா எடுங்க, எவ்வளவு வேணா எடுங்க, பழசு இருந்த இடத்துல இருக்கட்டும். டிம் ஆல்பத்துக்கும் அதே. ஸ்டேசியம் மிக்ஸ் வந்த பெட்டியிலேயே பழைய மிக்ஸும் இருக்கு. டேரியா டிவிடியிலதான் அந்தத் தேர்வே இல்ல.

#11 கேசட்மூலை

அப்படியானால் உங்கள் முதல் பதிவுக்கும் இதற்கும் நல்ல தூரம். ‘நெருக்கடிதான் நல்லது’ என்று ஆரம்பித்தவர் இப்போது ‘பழையதும் கிடைக்க வேண்டும்’ என்கிறீர்கள். இரண்டாவதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். முதலாவதை இல்லை. பேட்மேன் குழுவின் கயிறு காட்சிக்குக் காரணம் தடை அல்ல, அந்தக் குழுவின் மூளை. அதே ஆண்டுகளில் அதே தடைக்குள் வந்த மற்ற கார்ட்டூன்கள் எத்தனை, நினைவில் நிற்பவை எத்தனை?

#12 புதுவரவு

அண்ணன்மார்களே அக்காமார்களே, இவ்வளவும் படிச்சுட்டேன். டானி டார்க்கோ இதுவரை பார்த்ததில்லை. பர்மா பஜார்ல வாங்கின பழைய டிஸ்க் ஒண்ணு எங்க சித்தப்பாகிட்ட இருக்கு, மேல எந்தப் பதிப்புன்னு ஒண்ணும் எழுதல. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிளேட் ரன்னர் எதைப் பார்க்க?

#13 நள்ளிரவுக்காட்சி

@புதுவரவு டிஸ்க்கைப் போட்டு, சைக்கிள் சரிவுல இறங்குற வரைக்கும் பாருங்க. ‘தி கில்லிங் மூன்’ வந்தா தொடருங்க. வேற பாட்டு வந்தா நிறுத்திட்டு 113 நிமிஷப் பதிப்பைத் தேடுங்க.

#14 பனிமூட்டம்

@புதுவரவு பிளேட் ரன்னர் ஃபைனல் கட் பாருங்கோ, யோசிக்காதேங்கோ. பிடிச்சா பிறகு 1982ஐயும் ஒருக்காப் பாருங்கோ, அந்த வாய்ஸ் ஓவரோட. நாங்கள் எதுக்கு இவ்வளவு சண்டை பிடிக்கிறம் எண்டு அப்ப விளங்கும்.

#15 மூக்குக்கண்ணாடி

@புதுவரவு இவங்க சொல்றதை எல்லாம் கேக்காதீங்க. சித்தப்பா டிஸ்க்கைப் போட்டு எது வருதோ அதை முழுசாப் பாருங்க. ஐஎன்எக்ஸ்எஸ் பாட்டோட முதல்ல பார்த்துட்டு, ‘தி கில்லிங் மூன்’ பதிப்பைப் பார்த்து ‘இது என்ன குறையா இருக்கு’ன்னு சொன்ன ஆளுங்களும் எனக்குத் தெரிஞ்சு இருக்காங்க. அவங்களையும் இந்த இழைக்குக் கூட்டிட்டு வரணும்.

#16 வால்யூம்11

@மூக்குக்கண்ணாடி கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் பேர்ல் ஜாம் பேண்டோட ‘டென்’ ஆல்பத்துக்கு 2009ல பிரெண்டன் ஓ’பிரையன் பண்ணின ரீமிக்ஸ் நல்லதா கெட்டதான்னு ஒரு முடிவு எடுப்போம். பழைய மிக்ஸ்ல அந்த எதிரொலி ஜாஸ்தின்னு பேண்டே சொல்லுச்சு. எனக்கு அந்த எதிரொலிதான் டென். ‘ரிலீஸ்’ங்கிற பாட்டுல பாடகர் எடி வெட்டரோட குரல் எங்கயோ தூரத்துலருந்து வரணும், காதுக்குள்ள வந்து உட்காரக் கூடாது. யாருக்காவது மாற்றுக் கருத்து இருந்தா தனி இழை போடுங்க, நான் வர்றேன்.